இலக்கைக் காத்த தங்கராஜ்

கால்பந்தாட்டத்தில் ஒரு கட்சிக்குப் பதினொருவர். அவர்களுள் பதின்மருக்கு ஒரு விதி. எஞ்சிய ஒருவருக்கு வேறு விதி. பதின்மர் பந்தைக் காலாலும் தலையாலும் ஆளலாம். கையால் தொட்டால் குற்றம். பதினோராமவர் மட்டும் தம் இலக்கின் முன்னுள்ள பெனால்டி எல்லைக்குள் கையால் பிடிக்கலாம். அவர் உடுத்தும் சட்டைக்கும் நிறம் வேறு. அவரையே கோல் கீப்பர் என்று நாம் வழங்குகிறோம்; தமிழில் இலக்குக் காவலர் எனலாம்.

இந்தக் காவலரின் தொழில் விசித்திரமானது. முன்னணியில் நின்று ஆடுபவர் ஒன்பது முறை குறி தவறினாலும், பத்தாம் முறை பந்தை வலைக்குள் செலுத்திவிட்டால் தோளில் தூக்கிக் கொண்டாடுவார்கள். காவலரோ ஒன்பது பந்துகளைத் தடுத்துவிட்டுப் பத்தாவதைத் தவறவிட்டால், அந்த ஒன்றைத்தான் ஊர் பேசும். நம்மில் பலருக்கு இது புதிய செய்தியன்று. ரயில் பாதையில் பாயிண்ட்ஸ்மேன் செய்யும் வேலையும் அத்தகையதே. ஆயிரம் வண்டிகளைச் சரியான பாதையில் திருப்பிவிட்ட கையை எவரும் அறியார்; ஒரு வண்டி தடம் மாறினால் நாடே அவரைப் பற்றி விசாரிக்கும்.

அத்தகைய காவலை ஏற்று, இந்தியாவின் பெயரையும் தம் பெயரையும் ஆசியா முழுதும் விளங்கச் செய்தவர் பீட்டர் தங்கராஜ். 1950களிலும் 1960களிலும் இந்தியக் கால்பந்தின் கடைசி அரணாக நின்றவர் அவர். தமிழ்ப் பெயர் தாங்கிய இப்பெரு வீரர் தமிழ்நாட்டில் பிறந்தவர் அல்லர். வேற்று மொழி வழங்கும் நகரில் பிறந்து, பட்டாளத்தில் பயின்று, கல்கத்தாவில் புகழ் வளர்த்து, ஜார்க்கண்டின் எஃகு நகரில் மூச்சை நிறுத்தியவர். பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்து, காலனி வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு அவருடைய இளமைக் கால வரலாறு சொல்லும் செய்தி ஒன்று உண்டு. அவர் வாழ்வில் ஒவ்வோர் உயர்வும் ஓர் இடமாற்றத்திற்குப் பின்னரே வந்தது. மாறிய இடத்தைத் தம்முடையதாக்கிக் கொள்ளும் ஆற்றலே அவரை உயர்த்தியது.

பிறந்த ஊரும் அதன் ஆட்டமும்

தங்கராஜ் 1935-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். ஐதராபாத்தும் சிகந்தராபாத்தும் ஓர் ஏரியின் இரு கரையில் அமைந்த இரட்டை நகரங்கள். சிகந்தராபாத் 1806-ஆம் ஆண்டில் மூன்றாம் நிஜாமான சிகந்தர் ஜாவின் பெயரால் தோன்றிய படைக்குடியிருப்பு. சென்னைப் படையைச் சேர்ந்த பட்டாளங்கள் அங்கே தங்கியிருந்தன. பட்டாளம் சென்ற இடத்திற்குச் சிப்பாயின் குடும்பமும், கணக்கரும், கடைக்காரரும், தச்சரும், சமையற்காரரும் பின்செல்வது இயற்கை. 1874-ஆம் ஆண்டில் வாடியிலிருந்து சிகந்தராபாத்துக்கு ரயில் வந்தது. அதனோடு மேலும் பலர் வந்தனர். இவ்வாறு தெலுங்கும் உருதும் வழங்கும் அந்நகரில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வேரூன்றின. வீட்டில் தமிழ், கடைவீதியில் உருது, அண்டை வீட்டாரோடு தெலுங்கு, அலுவலகத்தில் ஆங்கிலம் என்று நாலு மொழியில் வாழ்வது அவர்களுக்குப் பழகிய வித்தை. நம் காலனிப் பிள்ளைகளும் அந்த வித்தையில் தேர்ந்தவர்களே.

பட்டாளம் இருந்த இடத்தில் பந்தும் இருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மாலை வேளையில் ஆடிய ஆட்டத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்த சிறுவர்கள், பின்னர் தாமே ஆடத் தொடங்கினர். 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியக் கால்பந்தில் ஐதராபாத்துக்கு இணையான நகரம் கல்கத்தா ஒன்றே எனலாம். ஐதராபாத் நகரப் போலீஸ் கட்சி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாகப் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அக்கட்சியை உருவாக்கியவர் சையது அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர்; பாடம் சொல்லும் முறையிலேயே ஆட்டத்தையும் சொல்லிக் கொடுத்தார். பின்னர் இந்தியக் கட்சிக்கே பயிற்சியாளரானார். தங்கராஜின் வரலாற்றில் இவர் மீண்டும் வருவார்.

இந்தச் சூழலில் வளர்ந்த தங்கராஜ், மார்னிங் ஸ்டார், பிரண்ட்ஸ் யூனியன் ஆகிய உள்ளூர்ச் சங்கங்களில் ஆடத் தொடங்கினார். அதே சிகந்தராபாத் வட்டாரத்தில், அம்முகுடாவில், தமிழ்க் குடும்பம் ஒன்றில் 1936-ஆம் ஆண்டில் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். பிற்காலத்தில் இந்தியாவின் முன்னணியில் ஆடிக் கோல் போட்டவர் அவர். பின்னணியில் நின்று கோலைக் காத்தவர் இவர். ஒரே வட்டாரத்தின் மைந்தர் இருவர் நாட்டின் கட்சிக்கு ஒருவர் முனையும் ஒருவர் அடியுமாக நின்றது அரிய பொருத்தம்.

விளையாட்டு சோறு போடுமா?

பெற்றோர் இன்று கேட்கும் இக்கேள்வி அன்றும் கேட்கப்பட்டதே. இங்கிலாந்தில் 1885 முதலே கூலி பெற்று ஆடுவது சட்டப்படி ஒப்புக்கொள்ளப்பட்ட தொழில். நம் நாட்டிலோ அக்காலத்தில் கால்பந்து தொழிலாகக் கருதப்படவில்லை. எத்துணைப் பெரிய வீரராயினும் வயிற்றுக்கு வேறு வழி வேண்டும். அந்த வழியைத் தந்தவை பட்டாளமும், போலீசும், ரயில்வேயும், ஆலைகளும் ஆகும். ஆட்டத்திறம் உடைய இளைஞனுக்கு உத்தியோகம் தருவார்கள். அவன் அவர்களுடைய கட்சிக்கு ஆட வேண்டும். புகழ்பெற்ற பி.கே. பானர்ஜி கிழக்கு ரயில்வேக்காக ஆடினார்; 1958-இல் அந்தக் கட்சி கல்கத்தா லீக் போட்டியில் பெரிய சங்கங்களையெல்லாம் பின்தள்ளி முதலிடம் பெற்றது. மேற்சொன்ன பலராம் பிற்காலத்தில் பி.என்.ஆர். கட்சியில் ஆடியவர். ரயில்வேக் குடும்பங்கள் இந்த இரு பெயர்களையும் சற்று உரிமையோடு உச்சரிக்கலாம்.

தங்கராஜ் நாடிய வழி பட்டாளம். 1953-ஆம் ஆண்டில், பதினெட்டு வயது நிறையும் பருவத்தில், அவர் இந்திய ராணுவத்தில் சேர்ந்தார். அவருடைய ஆட்டக் களம் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி நிலையமாயிற்று. மதராஸ் ரெஜிமெண்டு 1758-ஐத் தன் தொடக்கமாகக் கொள்வது. இந்தியக் காலாட்படைகளுள் மிகப் பழமையானது. அதன் பயிற்சி நிலையம் நீலகிரியில் வெலிங்டனில் அமைந்துள்ளது. குன்னூரிலிருந்து உதகைக்கு ஏறும் மலை ரயிலில் சென்றவர்கள் குன்னூரை அடுத்து வரும் அந்தச் சிறு நிலையத்தைப் பார்த்திருப்பார்கள். தக்காணத்தின் வெயிலில் வளர்ந்த இளைஞர் நீலகிரியின் குளிரில் பயிற்சி பெற வந்தார்.

முனையிலிருந்து அடிக்கு

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். பட்டாளத்தில் சேர்ந்தபோது தங்கராஜ் இலக்குக் காவலர் அல்லர். செண்டர் பார்வர்டு என்னும் நடுமுன்னணி ஆட்டக்காரராகவே அவர் தொடங்கினார். கோல் போடுவதையே தொழிலாகக் கொண்ட இடம் அது. அணியில் அதைவிடப் புகழ் தரும் இடம் வேறில்லை. அவ்விடத்தை விட்டு, கோல் கம்பங்களுக்கிடையே தனியே நிற்கும் இடத்திற்கு அவர் மாறினார்.

சிறுவர் ஆடும் எந்தத் தெருவிலும் பார்க்கலாம்: கோல் கீப்பராக நிற்க எவனும் முன்வரமாட்டான். ஓட முடியாதவனையும், வயதில் சிறியவனையும், பந்து வாங்கக் காசு கொடுக்காதவனையும் அங்கே நிறுத்துவார்கள். முன்னணியில் ஆடிப் பழகிய இளைஞர் ஒருவருக்கு அந்த மாற்றம் எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஓடிக்கொண்டிருந்தவர் நிற்க வேண்டும். அடித்துக் கொண்டிருந்தவர் தடுக்க வேண்டும். கைதட்டலுக்குப் பழகியவர் மௌனத்திற்குப் பழக வேண்டும்.

ஆயினும் அந்த மாற்றத்தில் பயன் இருந்தது. தங்கராஜ் ஆறடிக்கு மேற்பட்ட உயரம் உடையவர், நீண்ட கைகள். அக்காலத்து இந்திய வீரர் பலர் குள்ளமானவர்கள். பிற நாட்டார் உயரப் பந்து அடித்து நம் பின்னணியைக் கலைப்பது வழக்கம். உயரமான காவலர் ஒருவர் முன்னேறி வந்து, தலைகளுக்கு மேலே கைநீட்டிப் பந்தைப் பறித்துக்கொண்டால் அந்தச் சூழ்ச்சி பலிக்காது. மேலும், முன்னணியில் ஆடியவனுக்கு எதிரியின் மனம் தெரியும். எந்தக் கணத்தில் அவன் அடிப்பான், எந்த மூலையை நோக்குவான், எப்போது தயங்குவான் என்பதை அவன் தன் அனுபவத்தால் அறிவான். பூட்டுச் செய்தவன் கையில் சாவியும் இருப்பது போன்றது இது.

இலக்குக் காவலின் நுட்பத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். கோல் கம்பங்களுக்கு இடையே எட்டு கஜ அகலம். உயரம் எட்டு அடி. கோட்டிலேயே நின்றுகொண்டிருந்தால் இந்த வாயில் முழுவதும் எதிரிக்குத் திறந்து கிடக்கும். காவலர் பந்தை நோக்கிச் சில அடிகள் முன்வந்தால், எதிரியின் கண்ணுக்கு வாயில் குறுகித் தோன்றும். எத்தனை அடி வருவது, எப்போது வருவது என்பதில்தான் கலை இருக்கிறது. ஓரடி கூடினால் தலைக்கு மேலே பந்து செல்லும். ஓரடி குறைந்தால் பக்கத்தில் புகும். அக்காலத்துப் பந்தோ தோலால் ஆனது. மழையில் நனைந்தால் கல்லாய்க் கனக்கும். பந்தைக் கையில் வைத்திருக்கும் காவலரை எதிரி தோளால் இடிப்பதற்கும் அன்று விதி இடந்தந்தது. ஆகவே உடல்வலியும் நெஞ்சுரமும் ஒருங்கே வேண்டும்.

தங்கராஜிடம் மற்றொரு வலிமையும் இருந்தது. அவர் உதைத்தனுப்பும் பந்து நடுக்கோட்டைக் கடந்து நெடுந்தொலைவு சென்று விழும். காப்பவரே தாக்குதலையும் தொடங்கிவைப்பார். முன்னணியில் பழகிய கால் பின்னணியிலும் வீண் போகவில்லை.

டூராண்டுக் கோப்பை

இந்த மாற்றத்தின் பயன் விரைவிலேயே தெரிந்தது. 1955-ஆம் ஆண்டில் மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் கட்சி டூராண்டுக் கோப்பையை வென்றது. அப்போது தங்கராஜுக்கு இருபது வயதை ஒட்டிய பருவம்.

டூராண்டுக் கோப்பையின் பெருமை யாதெனின், அது ஆசியாவிலேயே மிகப் பழமையான கால்பந்துப் போட்டி. இந்திய அரசின் வெளிநாட்டுச் செயலாளராக இருந்த சர் மார்டிமர் டூராண்டு 1888-ஆம் ஆண்டில் சிம்லாவில் இதனைத் தொடங்கிவைத்தார். நெடுங்காலம் ஆங்கிலப் பட்டாளங்களே இதில் மாறி மாறி வென்றன. 1940-ஆம் ஆண்டில் போட்டி டில்லிக்கு வந்தது. அவ்வாண்டு கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் சங்கம் ஓர் ஆங்கிலப் பட்டாளத்தைத் தோற்கடித்து, இக்கோப்பையை வென்ற முதல் இந்தியச் சங்கம் என்ற பெருமையைப் பெற்றது. நாடு விடுதலை பெற்றபின் 1950-இல் போட்டி மீண்டும் தொடங்கியபோது கோப்பை ஐதராபாத் போலீசுக்கும், கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் சங்கங்களுக்குமே மாறி மாறிச் சென்றது. இப்பெரும் கட்சிகளின் நடுவே நீலகிரி மலையிலிருந்து ஒரு சிப்பாய்க் கட்சி இறங்கி வந்து கோப்பையை எடுத்துச் சென்றது. இறுதி ஆட்டத்தில் அவர்கள் எதிர்த்தது இந்திய விமானப் படைக் கட்சியை.

ஒரு முறை வெல்வதை அதிருஷ்டம் என்று சிலர் சொல்லக்கூடும். 1958-ஆம் ஆண்டில் அதே கட்சி மீண்டும் கோப்பையை வென்றது. அம்முறை இறுதி ஆட்டத்தில் கூர்க்கா பிரிகேடுக் கட்சி எதிர்த்தது. இரண்டு வெற்றியிலும் பங்கு கொண்டவர் தங்கராஜ். எதிரி எத்துணை கோல் போட்டாலும் அதைவிட ஒன்று மிகுதியாகப் போடலாம் என்பது பெரிய கட்சிகளின் துணிவு. எதிரியைப் போடவிடாமல் இருப்பது சிறிய கட்சியின் பலம். அந்தப் பலத்திற்கு நல்ல காவலர் இன்றியமையாதவர்.

நாட்டின் காவல்

1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியக் கட்சி யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. நம் வீரர் பலர் பூட்ஸ் அணியாமல் வெறுங்காலோடு ஆடிய காலம் அது. அந்தத் தோல்வி நம் கால்பந்து நிர்வாகிகளை உலுக்கியது. பூட்ஸ் அணிவது கட்டாயமாக்கப்பட்டது. பழைய முறையை விட்டுப் புதிய முறைக்கு நாடே இடம் மாறிய நேரத்தில்தான் தங்கராஜ் தலையெடுத்தார்.

1955-ஆம் ஆண்டு டாக்காவில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகளும் மோதிய போட்டியில் அவர் இந்தியாவுக்காக முதன்முதல் ஆடினார். அடுத்த ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக் கட்சியில் இடம் பெற்றார். அப்போது அவருக்கு இருபத்தொரு வயது நிறையவில்லை. எஸ்.எஸ். நாராயணன் என்னும் மற்றொரு சிறந்த காவலரும் அக்கட்சியில் இருந்தார். காவலர் இடம் ஒன்று. தகுதி உடையவர் இருவர். முன்னணியில் ஐவருக்கு இடம் உண்டு. காவலுக்கு ஒருவர்க்கே இடம். ஒருவர் ஆட மற்றவர் அமர்ந்து காத்திருப்பதும் காவலரின் பயிற்சியில் ஒரு பகுதி.

மெல்போர்னில் டிசம்பர் 1-ஆம் நாள் இந்தியா ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே நான்குக்கு இரண்டு என்று வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் போட்டார். அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடம் நான்குக்கு ஒன்று என்று தோற்று, இறுதியில் நான்காம் இடம் பெற்றோம். பயிற்சியாளர் ரஹீம். நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்துக் கோல் வாங்கிய நாடு ஒலிம்பிக்கின் கடைசி நால்வருள் ஒன்றாக நின்றது. ஒலிம்பிக் கால்பந்தில் அதற்கு மேலான இடத்தை இந்தியா இன்றுவரை எட்டவில்லை.

1958-இல் டோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டிலும் இந்தியாவுக்கு நான்காம் இடம். அவ்வாண்டில் ஆசியாவின் மிகச் சிறந்த இலக்குக் காவலர் என்று தங்கராஜ் போற்றப்பட்டார். ஐந்தே ஆண்டுகளுக்கு முன் நடுமுன்னணி ஆட்டக்காரராகப் பட்டாளத்தில் நுழைந்த இளைஞர் அவர் என்பதை மறக்கலாகாது. 1960-இல் ரோம் ஒலிம்பிக். வலிமை மிக்க ஹங்கேரியிடம் இரண்டுக்கு ஒன்று என்று குறைந்த இடைவெளியில் தோற்றோம். பிரான்சுடன் ஒன்றுக்கு ஒன்று என்று சமன் செய்தோம். பெருவிடம் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். ஹங்கேரிக்கு எதிராக நம் கோலைப் போட்டவர் சிகந்தராபாத்தின் பலராம். தோல்விகளே ஆயினும் ஹெல்சிங்கியின் நிழல் அங்கே இல்லை.

அதே 1960-இல் மாகாணங்களும் அமைப்புகளும் மோதும் சந்தோஷ் கோப்பையை ராணுவக் கட்சி முதன்முதலாக வென்றது. அதன் தலைவர் தங்கராஜ். தலைவர் பதவி முன்னணி வீரருக்கே செல்வது பெரும்பான்மை வழக்கம். ஆட்டம் முழுவதையும் பின்னாலிருந்து பார்ப்பவர் காவலர் ஒருவரே. எவர் களைத்தார், எங்கே இடைவெளி விழுந்தது என்பது அவர் கண்ணுக்குத் தெரியும். அவரிடம் தலைமையைத் தந்ததில் நியாயம் இருந்தது.

ஜகார்த்தா, 1962

தங்கராஜின் உயர்வுக்கு முடி சூட்டிய நிகழ்ச்சி 1962-ஆம் ஆண்டின் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் இரண்டுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். பின்னர் தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்று, அரையிறுதியில் தென் வியட்நாமை மூன்றுக்கு இரண்டு என்று கடந்தோம். இறுதி ஆட்டத்தில் மீண்டும் தென் கொரியா.

களத்துக்கு வெளியே நிலைமை மோசமாக இருந்தது. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்ததை இந்தியாவின் ஜி.டி. சோந்தி கண்டித்தார், இப்போட்டிக்கு ஆசிய விளையாட்டு என்ற பெயர் பொருந்துமா என்று வினவினார். அதனால் மூண்ட கோபத்தில் இந்தியத் தூதரகமே தாக்கப்பட்டது. செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதி ஆட்டத்தின்போது ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டனர். அந்தக் கூட்டத்தில் இந்தியாவுக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் என்று நம் வீரர்கள் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தனர்.

கட்சிக்குள்ளும் தொல்லைகள் இருந்தன. பின்னணியின் தூணான ஜர்னைல் சிங் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார். தங்கராஜோ காய்ச்சலில் விழுந்திருந்தார். அவருக்குப் பதிலாகப் பிரத்யுத் பர்மன் முந்திய ஆட்டங்களில் கோலைச் செம்மையாகக் காத்துக் கொடுத்தார். இறுதி ஆட்டத்திற்கு எவரை நிறுத்துவது? கொரியர்கள் உயரப் பந்து ஆடுவதில் வல்லவர்கள். ரஹீம் துணிந்து முடிவு செய்தார். தையல் போட்ட தலையோடு ஜர்னைல் சிங் நடுமுன்னணியில் ஆடினார். காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜ் கோலில் நின்றார்.

இந்த முடிவின் பொருளை நினைத்துப் பாருங்கள். பின்னணி வீரர் முன்னணிக்குச் சென்றார். ஒரு காலத்தில் முன்னணியில் ஆடியவர் பின்னணியில் காவல் நின்றார். எவரும், “இது என் இடம் அன்று” என்று சொல்லவில்லை. இன்றுபோல் நடு ஆட்டத்தில் தாராளமாக ஆளை மாற்றிக்கொள்ளும் வசதியும் அன்று இல்லை. காய்ச்சல் திரும்பினாலும் கால் தளர்ந்தாலும் நின்று தீர வேண்டும்.

பி.கே. பானர்ஜி பதினேழாம் நிமிஷத்தில் முதல் கோலைப் போட்டார். மூன்று நிமிஷம் கழித்து ஜர்னைல் சிங் இரண்டாவதைப் போட்டார். அதன்பின் ஒரு மணி நேரத்துக்கு மேல் எஞ்சியிருந்தது. கூட்டத்தின் கூச்சலுக்கிடையே கொரியர் மேன்மேலும் வந்தனர். ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருக்கையில் அவர்கள் ஒன்று போட்டனர். அதற்கு மேல் போட முடியவில்லை. இரண்டுக்கு ஒன்று என்று இந்தியா தங்கம் வென்றது. 1951-இல் புது டில்லியில் பெற்ற தங்கத்திற்குப் பின் இது இரண்டாவது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்கு மூன்றாவது தங்கம் வாய்க்கவில்லை.

அந்த வெற்றியைத் திட்டமிட்ட ரஹீம் நோயுற்று அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் காலமானார். நம் கால்பந்தின் ஒரு யுகம் அவரோடு முடிந்தது என்று பெரியோர் சொல்வதில் மிகையில்லை.

அதன் பிறகு

ராணுவத்தை விட்டபின் தங்கராஜ் கல்கத்தாவில் ஆடினார். முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று பெரும் சங்கங்களின் சட்டையையும் அணிந்த சிலருள் அவர் ஒருவர். ஒரு சங்கத்தின் அன்பர் மற்றச் சங்கத்தாரோடு சோறுண்ணவும் தயங்கும் அந்த நகரில், மூன்று வீட்டிலும் விருந்தாளியாக இருப்பது எளிதன்று. 1964-இல் இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. அக்கட்சியிலும் தங்கராஜ் இருந்தார். 1967-ஆம் ஆண்டில் அவருக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது. 1971-இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

பிற்காலத்தில் அவர் வாழ்ந்தது பொகாரோ எஃகு நகரில். பிற மாநிலங்களிலிருந்து தொழிலாளர் வந்து குடியேறி உருவாக்கிய ஊர் அது. நம்முடையதைப் போன்ற காலனிகளின் ஊர். அங்கே 2008-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள், எழுபத்துமூன்றாம் பிறந்த நாளுக்குச் சரியாக ஒரு மாதம் இருக்கையில், அவர் காலமானார். 1962-இன் தங்கக் கட்சியிலிருந்து சிகந்தராபாத்தின் பலராம் 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மறைந்தார்.

நமக்கு உரிய பாடம்

இன்று கால்பந்து நம் நாட்டிலும் ஊதியம் தரும் தொழிலாகிவிட்டது. நல்ல காவலரைப் பெரும் தொகை கொடுத்துச் சங்கங்கள் அழைத்துக்கொள்கின்றன. தங்கராஜ் காலத்தில் அந்த வசதி இல்லை. சிப்பாயின் சம்பளத்தில் ஆடிய ஒருவர் ஆசியாவின் முதல்வராக விளங்கினார். விளையாட்டு சோறு போடுமா என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கை தரும் விடை நிதானமானது: ஒழுங்காக உத்தியோகம் பார்த்தவர் ஒழுங்காக ஆடவும் முடிந்தது, அந்த உத்தியோகத்தைத் தேடித் தந்ததும் ஆட்டமே. மகனோ மகளோ மாலையில் பந்தோடு வெளியே போகும்போது புத்தகத்தைக் காட்டிக் கோபிக்கும் பெற்றோர், இரண்டுக்கும் இடம் உண்டு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஊர்விட்டு வந்த குடும்பங்களில் பிள்ளைகள் ஒரு வினாவைக் கேட்பதுண்டு: “நாம் எந்த ஊர்க்காரர்?” சொந்த ஊருக்கு விடுமுறையில் சென்றால் அங்கே வடக்கத்திப் பிள்ளைகள் என்கிறார்கள்; இங்கே மதராசி என்கிறார்கள். தங்கராஜை எந்த ஊர்க்காரர் என்று சொல்வது? ஐதராபாத் தன் மைந்தர் என்கிறது. மதராஸ் ரெஜிமெண்டு தன் சிப்பாய் என்கிறது. கல்கத்தாவின் மூன்று சங்கங்களும் தம்மவர் என்கின்றன. தமிழர் நாம் நம்மவர் என்கிறோம். ஓர் ஊரும் அவரை அந்நியர் என்று சொல்லவில்லை. நின்ற இடத்தைக் காத்தவருக்கு நின்ற இடமெல்லாம் சொந்தமாயிற்று.

நம் சங்கத்தின் ஆண்டு விழா விளையாட்டுகளில் கால்பந்தாட்டமும் உண்டு. கோல் கீப்பராக நிற்பவன் யார் என்ற சச்சரவும் ஆண்டுதோறும் உண்டு. இவ்வாண்டு அந்த இடத்தில் நிற்க நேரும் சிறுவன் முகம் வாட வேண்டியதில்லை. செண்டர் பார்வர்டாக வந்த தங்கராஜும் அங்கேதான் போய் நின்றார்.